ஆறுக்குக் கீழே பொடி எழுத்து

7 மே 1967, ஞாயிறு. ஷாதிபூர்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டாம் என்ற நிம்மதியில் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து முக்காலியைப் போட்டு, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, சோறு வெந்து இறக்கும் வரை ஒரு பழைய வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். படகுத்துறை ஜெட்டியில் எவனோ கப்பல்காரன் காட்டினானாம். பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி வந்திருக்கிறார்.

"நக்லி" என்றார் கடைசியில். போலியாம், டயலுக்கு யாரோ புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களாம். இத்தனை வயசான வாட்சுக்கு முகம் இவ்வளவு வெளுப்பாக இருக்காது, தேன் நிறத்துக்குப் பழுத்திருக்கும், எழுத்தும் இப்படித் தடிக்காது என்றார்.

"நானும்தான் பவுடர் போடுதேன். நானும் நக்லியா?"

"நீ அசல்தான். எழுத்துதான் கொஞ்சம் தடிச்சுப்போச்சு."

மீன் தண்ணீரை அவர் பக்கமாக ஊற்றினேன். பி.டபிள்யூ.டி. ஓவர்சியர் என்று பேர். ரோட்டைப் பார்ப்பதைவிட வாட்சைப் பார்ப்பதுதான் அதிகம்.

இந்த வீட்டில் டயல் பேச்சு நுழைந்தது கிருஷ்ணமூர்த்தியால். இவருடைய தம்பி, சாத்தம் மில்லில் வேலை. போன வருஷம் மெட்ராஸ் கப்பலில் ஊருக்குப் போனார். இந்தத் தீவின் உப்புக்காற்றில் ஒரு வாட்சும் உருப்படுவதில்லை, சாமானும் கிடைப்பதில்லை. அதனால் கப்பல் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அவர் தலையில் தெருவாசிகள் எல்லாரும் வாட்சைக் கட்டிவிடுவார்கள். கிருஷ்ணமூர்த்தி கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனதில் இவருடைய வெஸ்ட் எண்ட் கம்பெனி வாட்சும் ஒன்று. எண்ணெய் போட்டு வாங்கி வா என்றுதான் கொடுத்தார். தம்பி பாசத்தில் முகத்துக்கும் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நின்றார். "பளிச்சுன்னு இருக்கு பாத்தீங்களாண்ணே!" இவர் அழாத குறை.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிக் காட்டி எனக்கே மனப்பாடம். கம்பெனிப் பேரில் மை கசிந்த மாதிரி எழுத்து. நிமிஷக் கோடுகளில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறுக்குக் கீழே விளிம்பை ஒட்டி ஸ்விஸ் மேட் என்று இங்கிலீஷில் பொடி எழுத்து இருக்க வேண்டுமாம். பெயிண்டர் அதை மறுபடி எழுதாமலே விட்டுவிட்டான். "தொப்புள் இல்லாத மனுசன் மாதிரி இருக்கு" என்பார். அசல் டயல் ஒன்று கிடைக்காதா என்று தேடாத இடம் இல்லை.

9 மே, செவ்வாய்.

மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். வாட்ச் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

12 மே, வெள்ளி.

வடக்குத் தீவில் இருக்கும் ரங்கத் ஊருக்குக் கிளம்பிப் போனார். அங்கே ரோடு வேலையைப் பார்க்க வேண்டும். சர்க்கார் போட் இயந்திரக் கோளாறில் நின்றுவிட்டதாம். யாரோ கான்ட்ராக்டரின் மோட்டார் லாஞ்ச் போகிறது என்று அதில் ஏறிவிட்டார். வழியனுப்பப் போன கிருஷ்ணமூர்த்தி வந்து சொன்னார்.

"வானம் கறுத்துக்கெடக்கு. ஏன் விட்டீங்க?" என்றேன்.

"நான் சொன்னா அண்ணன் கேக்கணும்லா மதினி."

அதுவும் வாஸ்தவம்தான். போய்ச் சேர்ந்தால் ரங்கத் போலீஸ் தாணாவிலிருந்து ஒயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்வார். எப்போதும் அப்படித்தான்.

14 மே, ஞாயிறு.

நேற்றும் இன்றும் புயல். முருங்கை மரம் சாய்ந்துவிட்டது. ஒயர்லெஸ் சேதி இல்லை. கம்பம் விழுந்திருக்கும். அவ்வளவுதான் இருக்கும்.

16 மே, செவ்வாய்.

லாஞ்ச் மூழ்கிவிட்டது.

எக்ஸ்சேஞ்ச் போர்டில் உட்கார்ந்திருந்தபோது என் காது வழியாகத்தான் அந்தச் சேதி போனது. ஹார்பரிலிருந்து செக்ரடேரியட்டுக்குக் கேட்டார்கள். நான்தான் லைன் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரங்கத்துக்கு இந்தப் பக்கம் பாறையில் மோதியிருக்கிறது. இரண்டு பேர் நீந்திக் கரையேறியிருக்கிறார்கள், இரண்டு பேரும் லாஞ்ச் ஆட்கள். ஏறியவர்கள் யார் யார் என்று ஒருவரிடமும் கணக்கில்லை. பக்கத்து நாற்காலி சந்திரமதி என் பிளக்கைப் பிடுங்கி அவள் போர்டில் போட்டுக்கொண்டு, "எழுந்திரு ஜெயா, வீட்டுக்குப் போ" என்றாள்.

வீட்டில் என்ன இருக்கிறது? மறுபடி போர்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

18 மே, வியாழன்.

தீவில் உள்ள சேதியெல்லாம் என் காது வழியாகப் போகிறது. எனக்கு வேண்டியது மட்டும் வரவில்லை.

20 மே, சனி.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தாணாவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். கிருஷ்ணமூர்த்தியும் நானும் போனோம். ரங்கத் பக்கம் கரையில் ஓர் ஆண் உடல் ஒதுங்கியிருக்கிறது. முகம் அடையாளம் தெரியும்படி இல்லை. வைத்திருக்கவும் வழியில்லை என்று அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கையிலிருந்த வாட்சை மட்டும் போலீஸ் போட்டில் அனுப்பியிருந்தார்கள்.

தாணா அதிகாரி தாரோகா முதலில் வீட்டுக்காரர் பேரைக் கேட்டார். வழக்கம்போலக் கிருஷ்ணமூர்த்தி சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் இருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொன்னேன். ஜம்புலிங்கம். கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை. முதல் தடவை சொல்கிற இடமா அது?

உறையிலிருந்து வாட்சைக் கொட்டினார். வெஸ்ட் எண்ட். அதே வட்டம், அதே அளவு. கிருஷ்ணமூர்த்தி "அண்ணே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அதுதான் என்று தோன்றியது. தோன்றியது என்ன, தெரிந்தேவிட்டது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

கண்ணாடிமேல் உப்பு பூத்திருந்தது. அவர் கையிலிருந்ததை இப்படி அழுக்காகவா பார்ப்பது என்று முந்தானையால் துடைத்தேன். துடைத்ததும் என் கண் பழக்கத்தில் கீழே போனது. ஆறுக்குக் கீழே.

பொடி எழுத்து இருந்தது.

தாரோகா மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். இரண்டு சொல். முடி மாதிரி மெல்லிசு. மேலே கம்பெனிப் பேர் எங்கேயும் கசியவில்லை. கோடுகள் எல்லாம் ஒரே உயரம். உப்புக்கு அடியிலும் தேன் நிறம் தெரிந்தது.

"பெஹன்ஜி, ஆராம் சே" என்றார் தாரோகா. நிதானமாகப் பார்க்கச் சொல்கிறார். எனக்கெங்கே நிதானம்? "யே அஸ்லி ஹை சாப்! மேரா ஆத்மி கா நக்லி ஹை! நக்லி!" என்று தாணா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். இது அசல், என் புருஷனுடையது போலி, போலி என்று எந்தப் பெண்டாட்டி இவ்வளவு சந்தோஷமாகக் கத்தியிருப்பாள்? வாசலில் நின்ற கான்ஸ்டபிள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பான்.

அது அவர் இல்லை. இல்லை. இல்லவே இல்ல.

21 மே, ஞாயிறு.

நேற்று எழுதிய நிம்மதி விடிந்து காப்பி போடும்வரைதான் இருந்தது.

கிருஷ்ணமூர்த்தி வந்தார். உட்காரவில்லை. "மதினி, சொல்லுதேன்னு கோவிச்சுக்காதீங்க. அண்ணன் அசல் டயல் வேணும் வேணும்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தாக. போறதுக்கு முன்னால மாத்திப் போட்டிருந்தா?"

மாற்றியிருந்தால்? என்னிடம் சொல்லாமல், திரும்பி வந்து காட்டிப் பெருமையடிக்கலாம் என்று மாற்றியிருந்தால்? செய்கிற ஆள்தான். கிளம்புகிற அன்று நான் அவர் வாட்சைப் பார்க்கவே இல்லையே. குடை எடுத்தாரா என்றுதான் பார்த்தேன்.

"காரியம் பண்ணாம விட்டா அவுக ஆத்மா அலையும் மதினி" என்றார். பாவம், அவருக்கு என்னைவிட அழுகை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து என் கழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள். தாலியில் கை வைக்கிற பேச்சு இப்போது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். திமிர் பிடித்தவள் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இருக்கட்டும்.

டயலை மாற்றுவது என்றால் அபர்டீன் பஜாரில் ஜெய்னுலாப்தீன் பாய் கடை ஒன்றுதான். இவர் வேறு யாரையும் வாட்சின் பின்மூடியைத் திறக்க விடமாட்டார். போனேன். பூட்டு. பாய் உறவுக்காரர் நிக்காவுக்குப் போயிருக்கிறார், நாளைதான் வருவார் என்றார்கள்.

அம்மா, நாளை வரைக்கும் நான் என்ன செய்வேன்?

22 மே, திங்கள்.

பாய் கடை திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. லாஞ்ச் சேதி அவருக்கும் தெரியும்.

"பாய், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவுக டயலை மாத்துனீங்களா?"

"எங்கேம்மா மாத்துறது? டயல் கெடைச்சாத்தானே? மெட்ராஸுக்கு ரெண்டு கப்பல்ல சொல்லி விட்டும் வரல. ஏன் தங்கச்சி?"

"கிளம்புறதுக்கு முன்னால வந்தாகளா?"

"வந்தாரு. கிளம்புற அன்னைக்குக் காலையில. முள்ளு ஓடலன்னு. நான்தான் தட்டிக் குடுத்தேன். அதே பெயிண்ட் அடிச்ச மூஞ்சிதான். வழக்கம்போல அந்தப் பெயிண்டரைத் திட்டிட்டுத்தான் போனாரு."

கிளம்பிய அன்று காலை. இங்கிருந்து நேரே ஜெட்டிக்குத்தான் போயிருக்கிறார். அதற்குப் பிறகு கடலில் யார் டயல் மாற்றுவார்கள்? கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாய் பயந்துபோய் டீ வரவழைத்தார். ஆறுதலில் அழுகிறேன் என்று அவருக்குப் புரியவைக்க டீ முழுக்க ஆனது. புரிந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிருஷ்ணமூர்த்தியிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. காரியப் பேச்சை மட்டும் விட்டார்.

கரையில் ஒதுங்கியது அவர் இல்லை. அப்படியென்றால் அவர் எங்கே?

24 மே, புதன்.

உயிரோடு இருக்கிறார்!

மத்தியானம் போர்டில் இருந்தேன். தாணா லைன் விழுந்தது, சந்திரமதிதான் எடுத்தாள். எடுத்தவள் என் பக்கம் திரும்பினாள். வாய் சிரிக்கிறது, கண் கொட்டுகிறது. "ஜெயா, உனக்குத்தான். பிடி, பிடி."

லாங் ஐலண்டில் இருக்கிறாராம். லாஞ்ச் அங்கே நின்றபோது இறங்கிவிட்டாராம். புயலில் அங்கே ஒயர்லெஸ் கம்பம் விழுந்து இன்றைக்குத்தான் நிமிர்த்தினார்களாம். சௌக்கியம். சனிக்கிழமை சர்க்கார் போட்டில் வருகிறார்.

ஏன் இறங்கினார்? தாரோகாவுக்கும் தெரியவில்லை. எனக்கு வேண்டாம். எதற்கு வேண்டுமானாலும் இறங்கியிருக்கட்டும். எக்ஸ்சேஞ்சில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். மறந்துபோய் சூபர்வைசருக்கு இரண்டு தடவை கொடுத்தேன், அவரும் இரண்டு தடவையும் வாங்கிக்கொண்டார்.

27 மே, சனி.

ஜெட்டியில் இறங்கும்போது தாடியும் அழுக்குச் சட்டையுமாக இருந்தார். கையில் வாட்ச். பெயிண்ட் அடித்த அந்த வெள்ளை மூஞ்சி. இத்தனை அழகான பொருளை நான் பார்த்ததில்லை. கிருஷ்ணமூர்த்தி அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு எழவே இல்லை.

ஏன் இறங்கினார் என்று சாப்பாட்டுக்குப் பிறகுதான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். பஞ்சுக்குள் ஒரு டயல். வெறும் டயல். தேன் நிறம், முடி மாதிரி எழுத்து, கீழே பொடியாக இரண்டு சொல்.

லாஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையில் இவருடையது மாதிரியே ஒரு வெஸ்ட் எண்டாம். இவர் விடுவாரா? லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்து, அசல் அசல் என்று குதித்து, விலைக்குக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "இதைக் குடுக்க மாட்டேன் சார். ஆனா லாங் ஐலண்டுல மரம் வெட்டுற கூப்பில ஒரு மேஸ்திரி இருக்காரு, இதே வாட்ச் ஓடாமக் கெடக்கு, டயல் நல்லாருக்கு, கேட்டுப் பாருங்க" என்றாராம். இவர் அடுத்த போட்டில் ரங்கத் போய்க்கொள்ளலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் தலையிலடித்துக்கொண்டேன், சிரித்தேன், பிறகு அழுதேன். இந்தப் பைத்தியத்தை இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் தாணாவில் பார்த்த வாட்சைப் பற்றிச் சொன்னேன். அசல் டயல், வெஸ்ட் எண்ட் என்றதும் இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பன்னெண்டுக்குப் பக்கத்துல கடுகு மாதிரி ஒரு கரும்புள்ளி இருந்துச்சா?"

இருந்தது. உப்பு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை.

"கோவிந்தராஜ்னு பேரு ஜெயா. புரோத்ராபூர்க்காரரு" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு தாணாவுக்கு நடந்தார்.

29 மே, திங்கள்.

காலையில் போலீஸ் கோவிந்தராஜ் வீட்டுக்குப் போய்ச் சொல்லி வாட்சைக் கொடுத்துவிட்டது. நாங்கள் மத்தியானம் போனோம். போக வேண்டாம் என்று கிருஷ்ணமூர்த்தி சொன்னார். போகாமல் எப்படி?

அவர் பெண்டாட்டி பேர் இந்திராணி. என் வயசுதான் இருக்கும். ரங்கத்தில் அண்ணன் நிலத்துக்கு விதைப்புக்கு உதவப் போனவர், வேலை முடிந்து மெதுவாகத்தான் வருவார் என்று இந்த அம்மாள் தேடவே இல்லை. லாஞ்ச் மூழ்கிய சேதி காதில் விழுந்தும், அவர் சர்க்கார் போட்டில் போனார் என்றே நினைத்திருந்திருக்கிறாள். நான் தாணாவில் கத்திய அன்று இவள் அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்திருப்பாள். என் தலையிலிருந்து இறக்கியது இவள் தலையில் ஏறிவிட்டது. நான் ஏற்றவில்லை, தெரியும். இருந்தாலும் அவளைப் பார்க்க முடியவில்லை.

இவர் எல்லாவற்றையும் சொன்னார். லாஞ்சில் பேசியது, லாங் ஐலண்டில் இறங்கச் சொன்னது. "உங்க வீட்டுக்காரராலதாம்மா நான் உக்காந்திருக்கேன்" என்றார்.

அவள் வாட்சை மடியிலிருந்து எடுத்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "நீங்கதான் இதை உங்க வீட்டுக்காரருது இல்லன்னு சொன்னீங்களாமே. எத வச்சுச் சொன்னீங்க?"

இவரைப் பார்த்தேன். இவர் லென்ஸை எடுத்து என் கையில் கொடுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். ஆறுக்குக் கீழே இருந்த எழுத்தை. கசியாத பேரை. சமமான கோடுகளை. வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இது அசலா?"

"அசல்தாம்மா. பக்கா அஸ்லி."

"கப்பல்காரன்கிட்ட வாங்கிட்டு வந்த அன்னைக்கே நான் சொன்னேன், உங்கள ஏமாத்திட்டான்னு. நக்லி வாட்ச்னு கூப்பிட்டே கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே போயிருவாரு. ஒரு நாளும் எதுத்துப் பேசல." லென்ஸைக் கீழே வைத்தாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

இவர் மெதுவாக, "லாஞ்சில நான் அசல்னு சொன்னப்ப ரொம்பச் சந்தோஷப்பட்டாரும்மா. வீட்டுல போயிச் சொல்லணும், அவ நம்ப மாட்டாள்னாரு" என்றார்.

அவள் வாட்சை நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்த முறை நானும் சேர்ந்து அழுதேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். எதிரே ஒரு பெங்காலிக் கிழவர் பார்த்தார். பார்க்கட்டும். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வீட்டு வாசலைத் தாண்டி வந்த பிறகும் ஆறுதலாகத்தான் இருந்தது. இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

4 ஜூன், ஞாயிறு.

புரோத்ராபூர் போய் வந்தோம். இந்திராணி வீட்டுக் கூரைக்குப் புயலில் போன தகரத்தைக் கிருஷ்ணமூர்த்தியும் இவரும் ஏறி அடித்துக் கொடுத்தார்கள். அவள் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டாள்.

14 ஆகஸ்ட், திங்கள்.

இவர் இன்று மறுபடி ரங்கத் கிளம்பினார். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. சர்க்கார் போட்தான். லாஞ்சில் ஏற மாட்டேன் என்று கிருஷ்ணமூர்த்தியை சாட்சி வைத்து வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் காலையிலிருந்து இட்லி சுட்டு அடுக்கிக்கொண்டே இருந்தேன். ஓர் ஊருக்குப் போதுமான இட்லி.

மேஜைமேல் வாட்ச் கிடந்தது. வெள்ளை மூஞ்சியோடு. லாங் ஐலண்டு டயலை மாட்டித் தரட்டுமா என்று ஜெய்னுலாப்தீன் பாய் போன மாதமே கேட்டார். இத்தனை நாள் தவம் கிடந்தவர் இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

"அசல் டயல் வந்து எவ்வளவு நாளாச்சு? ஏன் மாத்தல?"

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "மாத்திட்டா நீ என்னை வேற ஆளுன்னு சொல்லிருவியே" என்றார்.

கேலிதான். சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. வாட்சை எடுத்து, சாவி கொடுத்து, அவர் கையில் நானே கட்டிவிட்டேன்.